எருக்கஞ்செடியில் தொடங்குங்கள்: கொல்லையிலும் சரணாலயத்திலும் உயிர்களைப் படமெடுப்பது

யானையைப் படமெடுக்க முதுமலைக்குப் போக வேண்டும். எலுமிச்சை இலையைத் தின்னும் புழுவுக்கு வீட்டுக் கொல்லை போதும். படமெடுக்கக் கற்றுக்கொள்ள இரண்டாவதுதான் நல்ல பள்ளிக்கூடம். புழு நாளைக்கும் அதே கிளையில் இருக்கும், இன்று கெடுத்த படத்தை நாளைக் காலை திருத்தி எடுக்கலாம். சஃபாரி வண்டியில் அரை நிமிடம் தெரிந்து மறையும் விலங்கிடம் அந்த வசதி இல்லை.

இந்தத் துறையில் பணம் செலவழிக்கும் முன் மனதில் பதிய வேண்டியது ஒன்று உண்டு: அந்த உயிர் அடுத்து என்ன செய்யப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் கேமராவோடு வரும் 18–55 மி.மீ. லென்ஸிலும் படம் அமையும். தெரியாவிட்டால் தொலைவை இழுத்துக் காட்டும் 600 மி.மீ. லென்ஸிலும் பறந்துபோகும் முதுகுதான் விழும். ஆகவே முதல் மாதம் ஊர் ஊராக அலையாமல் ஒரே செடியின் முன் உட்காருங்கள். அதற்கு எருக்கைவிடப் பொருத்தமான செடி நம்மூரில் இல்லை.

ஒரு எருக்கஞ்செடி, ஒரு மாதம்

சாலையோரம், காலி மனை, ரயில் தண்டவாள ஓரம் என எங்கும் நிற்கும் எருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 7 மணி சுமாருக்குப் போய், முதலில் கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் கால் மணி நேரம் பாருங்கள். கொழுந்திலும் மொட்டுக் காம்பிலும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான மஞ்சள் நிற அசுவினி அப்பியிருக்கும். அதன் மேலே எறும்புகள் ஏறி இறங்கும். அசுவினி கசியவிடும் இனிப்புநீருக்காக அவை அங்கே காவல் இருக்கின்றன. அசுவினியைத் தின்னப் பொறிவண்டும் அதன் முள்முள்ளான குட்டியும் வரும். பூவில் பெரிய கருநீலத் தச்சுத்தேனீ இரைச்சலோடு வந்து தொங்கும். மஞ்சளும் நீலமும் வரிவரியாகப் போட்ட எருக்கு வெட்டுக்கிளி, நீங்கள் கிட்டே வந்தால் தண்டின் மறுபக்கம் நழுவிக்கொள்ளும்.

இலையின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி தன் வெளிர்நிற முட்டையைப் பெரும்பாலும் அங்கேதான் ஒவ்வொன்றாக இடும். புழு வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகளோடு, முதுகில் மூன்று இணை கறுப்பு இழைகளோடு இருக்கும். அது இலையைத் தின்னும் முன் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிடும். பிறகுதான் அதற்கு அப்பால் உள்ள பகுதியைத் தின்னும். இந்த ஒரு செயலைப் படமாக்க முடிந்தால், பட்டாம்பூச்சி பூவில் உட்கார்ந்திருக்கும் நூறு படங்களைவிட அது மேல். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை ஏறக்குறைய மூன்று நான்கு வாரம் ஆகும். கூட்டுப்புழுவின் மேல்தோல் வழியே இறக்கையின் நிறம் இருண்டு தெரியத் தொடங்கினால் அடுத்த நாள் பட்டாம்பூச்சி வெளிவரும் என்று பொருள். பெரும்பாலும் காலையில் வரும். கசங்கிய இறக்கையை விரித்து உலர்த்த அதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும், அதுவரை பறக்காது. பதற்றமில்லாமல் எல்லாக் கோணத்திலும் எடுக்கலாம். தொடவோ கிளையை அசைக்கவோ மட்டும் கூடாது. அந்த நேரத்தில் கீழே விழுந்தால் இறக்கை கோணலாகவே உலர்ந்து, அது பறக்காமலே போய்விடும்.

எருக்கம்பால் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். இலையை ஒடிக்காதீர்கள், செடியைத் தொட்ட கையால் வியூஃபைண்டரையோ கண்ணையோ தொடாதீர்கள். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

எருக்கு இல்லாத அடுக்குமாடி வாசிகளுக்குத் தொட்டியில் வளரும் கறிவேப்பிலை போதும். எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும். இளம்புழு பறவை எச்சம் போலவே இருப்பதால் பலரும் கவனிக்காமல் இலையைக் கிள்ளிவிடுவார்கள். வளர்ந்ததும் பச்சையாகும், சீண்டப்பட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் விடும். படத்துக்காகச் சீண்ட வேண்டாம். எறும்போ குளவியோ கிட்டே வரும்போது தானாகவே நீட்டும்.

கிட்டத்தில் எடுக்கக் கருவி

கையில் செல்போன் மட்டும் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். மேக்ரோ மோடு என்ற பெயரில் பல போன்கள் தரம் குறைந்த அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். படம் கொழகொழவென்று வருவதற்குக் காரணம் அதுதான். பிரதான கேமராவில் 2 மடங்கு வைத்து, அது ஃபோகஸ் ஆகும் தூரத்துக்குப் பின்வாங்கி எடுப்பது பெரும்பாலும் தெளிவாக வரும். இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் கவ்விப் பொருத்தும் மேக்ரோ லென்ஸ் வாங்கலாம். 10, 15 மடங்கு என்று விற்பவை பூச்சிக்கு 2–3 செ.மீ. அருகே போனால்தான் வேலை செய்யும். அதற்குள் போனின் நிழலே பூச்சி மேல் விழுந்துவிடும். வெயிலுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். படமெடுக்க ஒலி பட்டனைப் பயன்படுத்தினால் கை குறைவாக ஆடும். போர்ட்ரைட் மோடு பக்கமே போகாதீர்கள். பின்னணியை மங்கலாக்குகிறேன் என்று பட்டாம்பூச்சியின் உணர்கொம்பையும் சிலந்தியின் காலையும் சேர்த்து அழித்துவிடும்.

லென்ஸ் மாற்றும் கேமரா இருந்தால் மூன்று வழிகள். மலிவானது எக்ஸ்டென்ஷன் டியூப். கண்ணாடி இல்லாத வெறும் வளையம், லென்ஸை, படத்தைப் பதிவு செய்யும் சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும். 50 மி.மீ. லென்ஸின் பின்னால் 25 மி.மீ. டியூப் போட்டால் 25-ஐ 50-ஆல் வகுத்தால் வரும் அரைப்பங்கு அளவு பெருக்கம் (பூச்சியின் உண்மை அளவோடு ஒப்பிட்டால் சென்சாரில் விழும் அளவு) கூடுதலாகக் கிடைக்கும். மின்தொடர்புப் புள்ளிகள் உள்ள டியூபாகப் பார்த்து வாங்குங்கள். அவை இல்லையென்றால் பெரும்பாலான நவீன லென்ஸ்களில் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்ற முடியாது. இரண்டாவது வழி, வீட்டில் ஏற்கெனவே 55–250 அல்லது 70–300 ஜூம் இருப்பவர்களுக்கு: அதன் முன்னால் மாட்டும் குளோஸ்-அப் லென்ஸ். ரேனாக்ஸ் டிசிஆர்-250 போன்ற +8 டயாப்டர் (லென்ஸின் சக்தியைக் குறிக்கும் அளவு) லென்ஸ் போட்டால் பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. இருக்கும், 200 மி.மீ.யில் பூச்சி சென்சாரில் தன் உண்மை அளவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் விழும். செலவுக்கேற்ற பலன் என்று பார்த்தால் இதை மிஞ்சிய வழி இல்லை. மூன்றாவது, 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ். பட்டாம்பூச்சி, தட்டான் என்று கூச்சமுள்ள உயிர்களே உங்கள் விருப்பம் என்றால் இதற்குப் பணம் சேர்ப்பதில் நியாயம் உண்டு. 50, 60 மி.மீ. மேக்ரோ வாங்கினால் முகத்தோடு முகம் வைத்து எடுக்க வேண்டிவரும், பூச்சி பறந்துவிடும்.

ஃபோகஸ் ஏன் தப்புகிறது

கிட்டே போகப் போக, ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் பயங்கரமாகக் குறையும். ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவுச் சென்சாரில் உண்மை அளவுக்கு, அதாவது 1:1 பெருக்கத்தில், அபெர்ச்சரை எஃப்/11 (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) வைத்தாலும் தெளிவான ஆழம் சுமார் 1 மி.மீ.தான். அரையளவுப் பெருக்கத்தில் அதே எஃப்/11 இரண்டரை மி.மீ. தரும். எறும்பின் கண் தெளிவாக இருந்தால் பின்கால் மங்கும் என்பது லென்ஸின் குறை இல்லை, இந்தக் கணக்குதான். அப்படியானால் எஃப்/22 வைக்கலாமே என்று தோன்றும். வைத்தால் ஒளி சிறு துளை வழியே சிதறி மொத்தப் படமும் மென்மையாகிவிடும். அதோடு 1:1-இல் நீங்கள் எஃப்/11 வைத்தாலே அது எஃப்/22 போலத்தான் நடந்துகொள்ளும். எஃப்/8 முதல் எஃப்/11 வரையே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழத்தைக் கூட்ட முடியாது என்பதால் அதை எங்கே செலவழிப்பது என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. இறக்கையை மூடி உட்கார்ந்த பட்டாம்பூச்சிக்குக் கேமராவின் முதுகும் இறக்கையும் இணையாக இருக்க வேண்டும். அப்போது எஃப்/8-இலேயே முனையிலிருந்து முனை வரை தெளியும். 10 பாகை சாய்ந்தாலும் ஒரு ஓரம் மங்கும். எதிரே முகம் காட்டும் சிலந்தி, தட்டானுக்குக் கண்ணில் மட்டும் ஃபோகஸ் வையுங்கள், மற்றது எப்படிப் போனாலும் போகட்டும்.

இவ்வளவு கிட்டத்தில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். வேண்டிய பெருக்கத்துக்கு வளையத்தைத் திருப்பி அப்படியே விட்டுவிட்டு, உடம்பை நூலளவு முன்னும் பின்னும் ஆட்டி, கண் தெளியும் கணத்தில் மூன்று நான்கு படங்களாகத் தொடர்ந்து எடுங்கள். இடக்கையால் செடியின் தண்டைப் பிடித்து, அந்தக் கையின் மேலேயே லென்ஸைச் சாய்த்தால் காற்றில் செடியும் கேமராவும் ஒன்றாகவே ஆடும், இடைவெளி மாறாது. மூன்றுகால் ஸ்டாண்டைவிடப் பூச்சிகளுக்கு இது எவ்வளவோ மேல். எருக்கில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

பழகுவதற்கு ஏற்ற ஆள் சுவரில் திரியும் குதிக்கும் சிலந்தி. அதன் முன்னிரு கண்கள் பெரியவை. அசைவது எதுவானாலும் அதன் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்க்கும். லென்ஸுக்குப் பக்கத்தில் சுண்டுவிரலை மெல்ல அசைத்தால் போதும், நேராக உங்களைப் பார்க்கும். முசிறு எறும்பு போலவே உருவம் கொண்ட சிலந்தியும் நம் மாமரங்களில் உண்டு. எறும்பு வரிசையில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் விலகி நடந்து, இலையைத் தட்டினால் நூல்விட்டு இறங்கினால், கால்களை எண்ணுங்கள், எட்டு இருக்கும்.

தட்டானுக்கு வேறு உத்தி. அது வேட்டைக்குப் பறந்துவிட்டு அதே குச்சி நுனிக்குத் திரும்பி வரும். துரத்திக்கொண்டு ஓடாமல், அது பறந்ததும் இரண்டடி முன்னேறி உட்கார்ந்து குச்சி நுனியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் எடுங்கள். மறுபடி பறந்ததும் இன்னும் இரண்டடி. நான்காவது முறை உங்களைக் கல்லாக நினைக்கத் தொடங்கிவிடும். உச்சிவெயிலில் வாலை வானத்துக்கு நிமிர்த்தி நிற்பதைப் பார்க்கலாம். உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைத்துச் சூட்டைத் தணிக்கும் வேலை அது. மதிய வெயிலில் எடுக்கத்தக்க படங்கள் மிகச் சில, அவற்றில் இது ஒன்று.

வெளிச்சமும் வெள்ளை நுரைத்தாளும்

காலை 6.30 முதல் 9 வரை, மாலை 4 முதல் வெயில் இறங்கும் வரை. இதற்கு இடைப்பட்ட நேரத்தில் நம்மூர் வெயில் மேலிருந்து குத்தி, கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழலும் இலை மேலே வெள்ளைத் திட்டும் போடும். காலையில் இன்னொரு லாபம்: பூச்சிகளுக்கு உடம்புச் சூடு ஏறியிருக்காது. பட்டாம்பூச்சிகள் இறக்கையை விரித்து வெயில் காயும், கிட்டே போனாலும் எழ மனமில்லாமல் இருக்கும். ஓணானும் அந்த நேரத்தில் அதே வேலிக்கல்லில் தினமும் வந்து படுக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவந்து, தண்டால் எடுப்பதுபோல் உடம்பை ஏற்றி இறக்கும். அதன் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்குங்கள். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்த ஓணான் படம் உயிரில்லாமல் கிடக்கும்.

நிழலில் ஃபிளாஷ் தேவைப்படும். ஆனால் நேரடி ஃபிளாஷ் வண்டின் ஓட்டில் வெள்ளைப் புள்ளியாகச் சுட்டுவிடும். ஒளியைப் பரப்பும் டிஃப்யூசர் கடையில் வாங்கத் தேவையில்லை. மிக்ஸி, டிவி பெட்டிக்குள் பொருளைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாளை 20-க்கு 25 செ.மீ. அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் தலையிலிருந்து லென்ஸின் முனைக்கு மேலே கூரை போல வளைந்து வருமாறு ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்துங்கள். தாளுக்கும் பூச்சிக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்கக் கூடாது. ஒளிமூலம் பூச்சிக்கு எவ்வளவு பெரிதாகவும் அருகிலும் தெரிகிறதோ, நிழல் அவ்வளவு மென்மையாகும். ஒரு தாளில் பளபளப்பு அடங்கவில்லை என்றால் இரண்டு விரல் இடைவெளியில் இன்னொரு தாள். தொடக்க அளவு: கேமரா மேனுவலில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/160 நொடி, எஃப்/11, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 200, ஃபிளாஷும் மேனுவலில் 1/16 சக்தி. படம் இருண்டால் 1/8, வெளுத்தால் 1/32.

பின்னணி கன்னங்கரேலென்று வருகிறதா? ஃபிளாஷ் ஒளி தூரம் போகப் போக வெகுவேகமாகக் குறையும். பூச்சியை வெளிச்சமாக்கும் ஒளி பின்னாலிருக்கும் மதில்சுவரை எட்டாது. பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி ஒரு பச்சை இலை இருக்குமாறு கோணத்தை மாற்றுங்கள், அல்லது ஐஎஸ்ஓ-வை 800 ஆக்கி ஷட்டரை 1/60-க்கு இறக்கி இயற்கை வெளிச்சத்தையும் உள்ளே விடுங்கள்.

பூவும் இலையும்

செடி நகராது என்று நினைத்துத்தான் பலர் இதில் ஏமாறுகிறார்கள். காற்று நகர்த்தும். விடிந்து ஒரு மணி நேரம் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். அதை விட்டால் ஷட்டர் வேகத்தில் 1/250 நொடிக்குக் கீழே போகாதீர்கள். ஒரு மூங்கில் குச்சியைப் பக்கத்தில் ஊன்றி, துணிக் கிளிப்பால் தண்டைக் குச்சியோடு தளர்வாகப் பிடித்து வைப்பது எளிய வழி. படம் முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

சிவப்புச் செம்பருத்தியை எடுத்தால் மடிப்போ நரம்போ இல்லாமல் ஒரே சிவப்புக் கறையாக வரும். மொத்த வெளிச்சம் சரி என்று கேமரா நினைக்கும். உள்ளே சிவப்பு அலைவரிசை மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைச் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி வகைக்கு மாற்றி, சிவப்பு வரைபடம் வலது சுவரில் மோதாத வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் பெரும்பாலும் மைனஸ் 0.7 போதும். தும்பைப் பூவுக்கும் மல்லிகைக்கும் மேகமூட்டம்தான் சரியான வெளிச்சம். மேகம் இல்லையென்றால் வெள்ளைக் குடையையோ வெள்ளை வேட்டித் துணியையோ மேலே பிடித்து நிழல் செய்யுங்கள். மழைக்குப் பின் பளபளக்கும் இலைகளின் வெள்ளைப் பிரதிபலிப்பை போலரைசர் வடிகட்டி அகற்றும். பிரகாசமும் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) போய்விடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

செடியின் பெயர் தெரிந்துகொள்ள எடுக்கும்போது அழகான பூ மட்டும் போதாது. முழுச் செடி, இலையின் மேல்புறமும் அடிப்புறமும், இலை தண்டோடு சேரும் இடம், பூவின் முன்தோற்றமும் பக்கத்தோற்றமும், காய், மரமானால் பட்டை. அளவுக்கு ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு படம்.

மண்தட்டுக்கு வரும் பறவைகள்

கொல்லைப் பறவைகளுக்குத் துரத்தல் வேண்டாம், தண்ணீர் போதும். வாய் அகன்ற மண்தட்டு, குறுக்கே 30–40 செ.மீ., ஆழம் 5 செ.மீ.க்கு மிகாமல். நடுவில் சொரசொரப்பான கல் ஒன்று. வழவழப்பான பிளாஸ்டிக் தட்டில் கால் வழுக்குவதால் பறவைகள் இறங்கத் தயங்கும். தினமும் தண்ணீரை மாற்றி, வாரம் இரண்டு முறை தேங்காய் நாரால் தேயுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும் என்பதால் இதில் சோம்பல் கூடாது. பூனை பதுங்கும் புதரிலிருந்து ஏழெட்டு அடியாவது தள்ளி வையுங்கள்.

தட்டில் நேராக எந்தப் பறவையும் இறங்காது. பக்கத்தில் உட்கார்ந்து நோட்டம் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். அந்த உட்காரும் இடத்தை நீங்கள் அமைத்துக் கொடுங்கள்: பாசி படிந்த முருங்கைக் கொம்பு ஒன்றைத் தட்டுக்கு ஒன்றரை அடி தள்ளி ஊன்றுங்கள். படம் அந்தக் கொம்பில்தான் கிடைக்கும். கொம்புக்குப் பின்னால் 3–4 மீட்டருக்குச் சுவரோ கொடியில் காயும் துணியோ இல்லாமல் பசுமை இருக்கட்டும். ஜன்னலை இருட்டாக்கி, திரையின் இடைவெளியில் லென்ஸை வைத்து உள்ளே உட்காருங்கள். 4 மீட்டர் தூரத்தில் ஏபிஎஸ்-சி கேமராவில் 300 மி.மீ. வைத்தால் 20 செ.மீ. நீளக் கொண்டைக்குருவி படச் சட்டத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பும். எஃப்/5.6-இல் தெளிவான ஆழம் 4 செ.மீ.தான், அதனால் குருவி பக்கவாட்டில் நிற்கும்போதோ தலையைத் திருப்பும்போதோ எடுங்கள்.

முதல் நான்கைந்து நாள் காகமும் மைனாவும் மட்டும் வரும். அதற்குள் இடத்தை மாற்றிவிடாதீர்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம் குளிக்க வந்துவிட்டால் தையல்சிட்டும் கரிச்சானும் பின்னாலேயே வரும்.

தேன்சிட்டுக்கு ஒரு சின்னத் தகவல் உதவும். செம்பருத்தியில் அது பெரும்பாலும் பூவின் வாய்ப்பக்கம் போகாது. காம்போரம், பூவின் அடியைப் பக்கவாட்டில் துளைத்துத் தேனைக் குடிக்கும். பூவின் முகத்தை எதிர்பார்த்து நின்றால் அலகு மறைந்தே இருக்கும். பூவின் அடிப்பகுதி பக்கவாட்டில் தெரியுமாறு நின்று, 1/1600 நொடிக்கு மேல் வைத்துக் காத்திருங்கள். ஒரு சுற்றுப் போய்விட்டு அதே புதருக்கு மறுபடி வரும்.

வேடந்தாங்கலும் மற்ற ஏரிகளும்

வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை பருவம். மழை பொய்த்து ஏரி வற்றினால் பறவைகள் தங்காது. நீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நீரில் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் வக்காவும் அடுக்கடுக்காகக் கூடு கட்டும். கரையிலிருந்து மரங்கள் தொலைவில் இருப்பதால் இங்கே 400 மி.மீ.க்குக் குறைவான லென்ஸில் தனிப் பறவை சிறிதாகவே தெரியும். அது குறை என்று வருந்தாமல் முழு மரத்தையும் குடியிருப்பாக எடுங்கள். வேடந்தாங்கலின் உண்மையான படம் அதுதான். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுவதால் 200 மி.மீ.கூடப் போதும். ஆனால் அது மக்கள் வாழும் தெரு. கேட்காமல் யார் வாசலிலும் ஸ்டாண்டை விரிக்காதீர்கள்.

எந்தப் பக்கம் நிற்பது என்பதைக் காற்றும் வெயிலும் சேர்ந்து முடிவு செய்யும். பறவை எழும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே பறக்கும். ஆகவே காற்று உங்கள் முதுகில் பட்டால் பறவை முகம் காட்டி உங்களை நோக்கி இறங்கும். காற்று உங்கள் முகத்தில் அடித்தால் வால்தான் தெரியும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும் நவம்பர், டிசம்பர், ஜனவரிக் காலைகளில் சூரியனும் கிழக்கே இருக்கிறது. கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் இரண்டும் முதுகுக்குப் பின்னால் அமைந்துவிடும். கடலோர ஊர்களில் மதியத்துக்குப் பின் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும், மாலை வெயிலோ மேற்கிலிருந்து. அப்போது வெயிலை முதுகில் வைத்து, இறங்கும் பறவையை விட்டுவிட்டு, குறுக்கே கடந்து போகும் பறவையை எடுங்கள்.

பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி, நாரை போன்ற நிதானமான பெரும்பறவைக்கு 1/1250 போதும். அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, ஆட்டோ ஐஎஸ்ஓ-வுக்கு 3200 எல்லை வைத்து, நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் விடுங்கள். கொக்கின் வெள்ளை வெந்து போவதும் கரிச்சான் வெறும் நிழலாவதும் ஒரே காரணத்தால். கேமரா சட்டம் முழுவதையும் சராசரியாகச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். இருண்ட மரத்தின் முன் வெள்ளைக் கொக்கு சிறிதாக நின்றால் மைனஸ் 1; அதே கொக்கு சட்டத்தை நிறைத்தால் பிளஸ் 0.7; வெளுத்த வானத்தின் முன் கரிச்சான் என்றால் பிளஸ் 1.5. இதை எண்களாக மனப்பாடம் செய்வதைவிட, சட்டத்தில் அதிக இடத்தைப் பிடித்திருப்பது வெள்ளையா கறுப்பா என்று கேட்டுப் பழகுங்கள்.

காலை 10 மணிக்குமேல் தொலைவில் எடுத்தவை எல்லாம் நீருக்கடியில் எடுத்ததுபோல நெளிந்து தெரிந்தால் லென்ஸைப் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டாம். சூடான தரைக்கும் நீருக்கும் மேலே காற்று அலையாடுவதால் வருவது அது. எந்தக் கருவியாலும் திருத்த முடியாது. அருகில் உள்ளதை எடுங்கள், அல்லது மாலை வரை காத்திருங்கள். கனமான லென்ஸுக்குப் பழைய ஜீன்ஸ் காலை ஒரு முழம் வெட்டி, ஒரு கிலோ அரிசி போட்டு இரு முனையும் தைத்தால் நல்ல தாங்கு பை. மதில், காரின் ஜன்னல், தரை எதிலும் உட்காரும்.

சரணாலயத்தில் கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்கி அதைக் கையிலேயே வைத்திருங்கள். ட்ரோனை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சரணாலயத்துக்குள் படமெடுப்பதும் அனுமதிக்கு உட்பட்டதே.

எடுக்கக் கூடாத படங்கள்

கொல்லையில் கட்டிய கூட்டுக்கு அருகே போய்ப் படமெடுக்காதீர்கள். மறைக்கும் இலை ஒன்றைக் கிள்ளினால் இரண்டு கெடுதல்: நிழல் போய்க் குஞ்சு வெயிலில் துவளும், காகத்துக்கு வழி திறக்கும். நீங்கள் நிற்கும்வரை தாய் இரையோடு சுற்றிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு அது பத்து நிமிடம், குஞ்சுக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. பல போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை. செல்போனில் குரலை ஒலிக்கவிட்டு ஆந்தையையோ குக்குறுவானையோ வரவழைப்பதும், அசையாமலிருக்கப் பூச்சியை ஃபிரிஜ்ஜில் வைத்து எடுத்துவருவதும் இதே வரிசைதான். குளிர்ந்த பூச்சி காலை மடக்கி விறைத்து நிற்கும் விதமே, விவரம் தெரிந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடும்.

தரையில் படுக்கும் முன் ஒரு குச்சியால் சருகைக் கிளறிப் பாருங்கள். நெருஞ்சி முள்ளுக்கும், தேளுக்கும், சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் விரியன்களுக்கும் அது போதிய எச்சரிக்கை. பாம்பைப் படமெடுக்க விரும்பினால் குறைந்தது 3 மீட்டர் தள்ளி நின்று ஜூமில் எடுங்கள்.

வீடு திரும்பிய பின்

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகப் புழுக்கத்துக்குக் கொண்டுபோனால் கண்ணாடி முழுக்க வியர்க்கும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே பையின் ஜிப்பைத் திறக்காமல் அப்படியே வராந்தாவில் வைத்துவிடுங்கள். ஈரத்தில் நனைந்த கேமராவைப் பையிலேயே விட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்திவலை போலப் படரும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடும் சிறு ஈரமானியோடும் வைத்து, ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெல் நிறம் மாறியதும் உலர்த்தி மறுபடி போடலாம்.

படங்களை அன்றே கழித்துவிடுங்கள்: கண் தெளியாதவை எல்லாம் போகட்டும். மிஞ்சியவற்றுக்குத் தேதி, இடம், உயிரின் பெயர், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று நான்கையும் சேர்த்துப் பெயரிடுங்கள். பெயர் தெரியாத பூச்சியையும் செடியையும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பறவைகளை ஈபேர்டு தளத்தில் பதியலாம். ஜனவரியில் பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு உங்கள் மண்தட்டுக்கு வந்தவையும் சேரும். ஆந்தை தங்கும் மரம், கூடு இருக்கும் இடம் போன்றவற்றை மட்டும் எங்கும் வெளியிடாதீர்கள், செல்போன் படத்தோடு தானாக ஒட்டிக்கொள்ளும் இடக்குறிப்பையும் பகிர்வதற்கு முன் அகற்றிவிடுங்கள்.